நியோஸ்டிக்மின் இல்லாத நாள்

நியோஸ்டிக்மின் என்பது ஒரு சிறிய ஊசி மருந்து. 2022-ல் இலங்கையில் ஓர் ஆஸ்பத்திரியில் அது தீர்ந்துபோனதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். எங்கள் ஊர் மழையில் இருந்து தொடங்குகிறேன். 2024 டிசம்பர் முதல் வாரத்தை எங்கள் பக்கத்து மக்கள் மறக்க மாட்டார்கள். ஃபெஞ்சல் புயல் கரையேறி ஓய்ந்துவிடும் என்று நினைத்திருந்தோம். அது உள்ளே வந்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. பஸ் நிலையம் அருகே நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் வெள்ளம் இழுத்துக்கொண்டு போனதை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அரூரில் எங்கள் தெருவிலும் முழங்கால் அளவு தண்ணீர் நின்று வடிந்தது.

மழை விட்ட இரண்டாம் நாள் மாலை தெருப் பிள்ளைகள் ஐந்து பேர் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார்கள். "அம்மா, ஊத்தங்கரைக்கு அனுப்ப வீடு வீடாக மருந்து சேர்த்திருக்கிறோம். நீங்கள் முப்பது வருடம் அரசு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தவர். பார்த்துப் பிரித்துக் கட்டிக் கொடுங்கள்" என்றார்கள்.

தரையில் செய்தித்தாள் விரித்துப் பெட்டியைக் கவிழ்த்தேன். மூடியில் சர்க்கரை உறைந்துபோன இருமல் மருந்துப் பாட்டில்கள். திறந்து எத்தனை மாதம் ஆனதோ தெரியாத கண் சொட்டு மருந்து. இறந்துபோன யாரோ ஒரு தாத்தாவின் இரத்த அழுத்த மாத்திரைகள். பத்து மாத்திரை அட்டையில் நான்கு மட்டும் மிஞ்சிய துண்டுகள்; காலாவதித் தேதி அச்சிட்டிருந்த ஓரம் கத்தரியோடு போய்விட்டது. தேதி இல்லாத மாத்திரை எனக்குப் பெயரில்லாத மாத்திரைக்குச் சமம். ஒரு மணி நேரம் பிரித்தேன். தேறியவை இரண்டு உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களும் பிரிக்காத ஒரு கட்டுத்துணிச் சுருளும்தான்.

பிள்ளைகளின் முகம் வாடிவிட்டது. மழையில் நனைந்து நனைந்து சேர்த்தது அல்லவா? அவர்கள் மனசு எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். அங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் மருந்தாளுநரைக் கைப்பேசியில் பிடித்து, என்ன வேண்டும் என்று பிள்ளைகளையே கேட்கச் சொன்னேன். மாத்திரை இருக்கிறது என்றார் அவர். சேற்றில் நடந்து நடந்து கால் விரலிடுக்கு வெந்துபோனவர்களுக்குத் தடவக் களிம்பு, நல்ல கையுறை, குடிதண்ணீர் கேன், ஒரு நல்ல டார்ச் விளக்கு. இவ்வளவுதான் அவர் கேட்டவை. மறுநாள் காலை பிள்ளைகள் அவற்றையே வாங்கிக்கொண்டு வண்டியில் போனார்கள்.

எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. அந்தச் செய்தித்தாளும் அதன்மேல் கிடந்த குவியலும் இருபது வருடத்துக்கு முன்னால் கொண்டுபோய் விட்டன.

சுனாமி வந்தது 2004 டிசம்பர் 26. மற்ற மாவட்டங்களில் இருந்து மருத்துவக் குழுக்களை நாகப்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். ஜனவரியில் நானும் ஒரு குழுவோடு போனேன். எனக்குக் கொடுத்த வேலை நோயாளிகளைப் பார்ப்பது இல்லை. ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் கூரை வரை அடுக்கியிருந்த நன்கொடை மருந்துப் பெட்டிகளைப் பிரிப்பது. கரும்பலகையில் அரையாண்டுத் தேர்வுக் கால அட்டவணை இன்னும் அழியாமல் இருந்தது. அதன் கீழே உட்கார்ந்து மூத்த மருந்தாளுநர் ஒருவரும் நானும் மூன்று நாள் பிரித்தோம். தேறியது, தேறாதது, தெரியாதது என்று மூன்று குவியல். மூன்றாவதுதான் வேகமாக வளர்ந்தது. பல பெட்டிகளில் இருந்த எழுத்து எந்த மொழி என்றே எங்களுக்குப் பிடிபடவில்லை. உள்ளே இருப்பது காய்ச்சலுக்கா, இதயத்துக்கா? பெயரை எழுத்துக்கூட்டி வாசித்து மருந்தியல் புத்தகத்தில் தேடிப் பார்த்தோம். சில கிடைத்தன. பல கிடைக்கவில்லை. இவ்வளவும் யாரோ எங்கோ கண்ணீரோடு கட்டி அனுப்பியவை. அந்த மூத்தவர் ஒவ்வொரு பெட்டியையும் பிரிக்கும் முன் ஒரு நொடி கையை அதன்மேல் வைத்துவிட்டுத்தான் பிரிப்பார்.

அதே நேரத்தில் வெளியே முகாம்களில் கேட்டது வேறு. உப்புச் சர்க்கரைக் கரைசல், ரணஜன்னி வராமல் தடுக்கும் டி.டி. ஊசி, காயத்துக்குக் கட்டுத்துணி, பிளீச்சிங் பவுடர், குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி. இவை அனைத்தும் நம் கிடங்கிலேயே இருந்தன. வண்டி வைத்துக் கொண்டுவர வேண்டியதுதான் வேலை. வந்து குவிந்த மற்றவற்றை என்ன செய்வது என்பது இன்னொரு வேலையாகிவிட்டது. கடலோர மணல், நான்கடி தோண்டினால் தண்ணீர். அங்கே மருந்தைப் புதைக்க முடியுமா? ஏற்கெனவே உப்பேறிய கிணற்றுக்கு மருந்தையும் சேர்த்து ஊட்டியதாகிவிடும்.

பிறகு படித்தபோதுதான் தெரிந்தது, இந்தோனேசியாவின் அச்சே பகுதிக்கு அந்தச் சுனாமியில் சுமார் 4,000 டன் மருந்து வந்து இறங்கியிருக்கிறது. அதில் பாதிக்கு மேல் அந்த நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இல்லாதவை. அதற்கு முன்பு 1990-களில் போஸ்னியாப் போரின்போதும் இதே கதை. ஆயிரக்கணக்கான டன் பயன்படாத மருந்து அங்கே தேங்கியது. அதையெல்லாம் பார்த்துத்தான் உலக சுகாதார நிறுவனம் 1996-ல் மருந்து நன்கொடைக்கு நெறிமுறை வகுத்தது. பெறுபவர் கேட்டதைக் கொடு. வந்து சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஒரு வருடம் மீதமிருக்கட்டும். பெறுபவருக்குப் புரிகிற மொழியில் பெயர் எழுது. உன் நாட்டில் நோயாளிக்குக் கொடுக்கத் தகாததை அடுத்த நாட்டு நோயாளிக்கு அனுப்பாதே. வகுப்பறையில் மூன்று நாள் உட்கார்ந்தவர் எவரும் இதே நான்கைத்தான் எழுதியிருப்பார்.

இப்போது இலங்கைக்கு வருகிறேன். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

2022 மார்ச் கடைசி வாரத்தில் ஒரு செய்தி படித்தேன். கண்டிக்கு அருகே உள்ள பேராதனை போதனா வைத்தியசாலையில், முன்கூட்டியே நாள் குறித்திருந்த அறுவை சிகிச்சைகளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நியோஸ்டிக்மின் தீர்ந்துவிட்டது என்று. அந்த நேரம் கொழும்பில் இருந்த நம் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் அந்தச் செய்தியைப் பார்த்துக் கலங்கி, எப்படி உதவலாம் என்று கேட்கும்படி நம் தூதரிடம் சொன்னார். செய்தியில் அதுவும் இருந்தது. நான் அந்த மருந்தின் பெயரைப் படித்ததோடு நின்றுவிட்டேன்.

நியோஸ்டிக்மின் என்றால் என்னவென்று சொல்கிறேன். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத கண்ணாடிக் குப்பி. உள்ளே ஒரு மில்லி தெளிந்த நீர். விலை சில ரூபாய்கள். அறுவை சிகிச்சையின்போது தசைகள் தளர ஒரு மருந்து கொடுப்பார்கள். முடிந்ததும் அந்தத் தளர்ச்சியை மாற்றி நோயாளி தானாக மூச்சுவிடச் செய்வது இந்தக் குப்பிதான். இது கையில் இல்லாமல் தசை தளர்த்தி மயக்கம் கொடுக்க மயக்கவியல் மருத்துவர்கள் தயங்குவார்கள். கத்தி இருக்கிறது, கட்டில் இருக்கிறது, மருத்துவர் இருக்கிறார். இந்த ஒரு மில்லி இல்லாததால் கதவு சாத்தப்படுகிறது.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரிகளில் இதற்கு இன்னொரு வேலையும் உண்டு. நல்ல பாம்பு கடித்தவருக்கு இமை தொங்கிவிடும், நாக்கு குழறும், கழுத்து நிற்காது. பாம்புக்கடி முறிவு மருந்தோடு நியோஸ்டிக்மினும் அட்ரோபினும் போடுவார்கள். ஒரு கோடை இரவு, மரவள்ளிக் காட்டுக்குத் தண்ணீர் கட்டப் போன பையன் ஒருவனை இரு சக்கர வண்டியில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுவந்தார்கள். குடியிருப்பில் இருந்த என்னை எழுப்பிக் கூட்டிப்போனார்கள். குளிர்ப்பெட்டியில் இருந்து முறிவு மருந்து பத்துக் குப்பி. பிறகு அலமாரியில் இரண்டாம் தட்டு, இடது ஓரம், நியோஸ்டிக்மின். இருட்டில் கை வைத்தாலும் அந்த இடம் எனக்குத் தெரியும். ஊசி போட்டுச் சற்று நேரம் கழித்து அந்தப் பையனின் வலது இமை மெல்ல மேலேறியது. அவனுடைய அம்மா அதைப் பார்த்துவிட்டு என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். அந்த இரண்டாம் தட்டு காலியாக இருந்திருந்தால்? பேராதனையில் என்னைப் போன்ற ஒரு மருந்தாளுநர் காலித் தட்டின் முன் நின்றிருப்பாரே என்றுதான் அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் தீவு மருந்து விஷயத்தில் உலகத்துக்கே வழி காட்டிய இடம். பேராசிரியர் சேனக பிபிலே என்ற மருந்தியல் அறிஞர் அங்கே இருந்தார். 1971-ல் அரச மருந்துக் கூட்டுத்தாபனம் தொடங்கி அதன் முதல் தலைவரானார். வணிகப் பெயர்களை விட்டுவிட்டு மருந்தின் பொதுப் பெயரால் வாங்கு, நாட்டுக்கு எது அவசியமோ அதை மட்டும் பட்டியலிட்டு வாங்கு என்றார். 1977-ல் உலக சுகாதார நிறுவனம் தன் முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிடும் முன்பே இதைச் செய்து காட்டியவர் அவர். பட்டியல் இருந்தது, இலவச மருத்துவம் இருந்தது, படித்த மருத்துவர்கள் இருந்தார்கள். 2022-ல் நாட்டின் கையிருப்பில் டாலர் இல்லாமல் போயிற்று. எண்பது சதவீதத்துக்கு மேல் மருந்தை வெளியில் இருந்து வாங்கும் நாட்டில் டாலர் தீர்ந்தால் மருந்தும் தீரும்.

எங்கள் பக்கத்து அணையோர இலங்கை அகதிகள் முகாமில் இருக்கும் அக்கா ஒருவர் எனக்கு இருபது வருடப் பழக்கம். மறுவாழ்வு முகாம் என்று 2021-ல் பெயர் மாற்றினார்கள். அவர் இன்னும் 'கேம்ப்' என்றுதான் சொல்கிறார். அவருடைய தங்கை வவுனியாவில். 2022 மே மாதம் ஒரு நாள் அக்கா கையில் கைப்பேசியோடு வந்தார். "தங்கச்சி, அவளின் மனுசனுக்குக் குடலிறக்கம். சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டுத் தள்ளி வைத்துவிட்டார்கள். சீனி வருத்தக் குளிசையும் ஆஸ்பத்திரியில் இல்லையாம். துண்டு எழுதிக் கொடுத்து வெளியில் வாங்கச் சொல்லுகிறார்கள். வெளியிலும் விலை எட்டவில்லை. நாங்கள் இங்கிருந்து வாங்கி அனுப்ப ஏலாதா?" என்றார். அவர் பேச்சில் சீனி வருத்தம் என்றால் சர்க்கரை நோய், குளிசை என்றால் மாத்திரை, துண்டு என்றால் மருந்துச் சீட்டு.

தபாலில் அனுப்பிவிட முடியாது அக்கா என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அந்தத் துண்டின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து மருந்துப் பெயர்களை ஒரு தாளில் தெளிவாக எழுதிக் கொடுத்தேன். எது நிறுத்தவே கூடாதது, எது நான்கு நாள் பொறுக்கும் என்று பக்கத்தில் குறித்தேன். என்னால் முடிந்தது அது.

அப்போது செய்தித்தாளைத் திறந்தால் உதவித் தொகைகள்தான். இந்தியா மார்ச் 17-ல் உணவுக்கும் மருந்துக்கும் 100 கோடி டாலர் கடன் வசதி கொடுத்திருந்தது. உலக வங்கி வேறு வேலைகளுக்கென ஒப்புக்கொண்டிருந்த கடன்களில் ஒரு பகுதியை மருந்துக்கும் சமையல் எரிவாயுவுக்கும் திருப்பிவிட்டது. ஜூன் 9-ல் ஐக்கிய நாடுகள் சபை, மிகவும் நலிந்த 17 லட்சம் பேருக்கு நான்கு மாதம் உதவ 4 கோடியே 72 லட்சம் டாலர் வேண்டும் என்று உலகத்திடம் கேட்டது. அக்கா ஒவ்வொரு செய்தியையும் கொண்டுவந்து, "இவ்வளவு காசு வருகிறதே, பிறகு ஏன் அவளுக்குக் குளிசை இல்லை?" என்று கேட்பார்.

நியாயமான கேள்வி. கிடங்கில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் இதற்குப் பதில் சொல்லத் தெரியும் என்று நினைக்கிறேன். அறிவிப்பு என்பது பணம் இல்லை. பணம் என்பது மருந்து இல்லை. என்ன மருந்து, எவ்வளவு என்று யாராவது எழுத வேண்டும். விலை கேட்க வேண்டும், ஒப்பந்தம் போட வேண்டும். தயாரிப்பவரிடம் அந்த மருந்து அன்று இருக்க வேண்டும். கப்பல், சுங்கம், கொழும்புக் கிடங்கு, அங்கிருந்து வவுனியாவுக்கு லாரி. அந்த லாரிக்கு டீசல். 2022-ல் அந்த நாட்டில் டீசலுக்கும் வரிசை நின்றது என்பதை மறந்துவிடாதீர்கள். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் 100 கோடி டாலர் வவுனியாவில் ஒரு குளிசை ஆகாது. புதுக் கடனைவிடப் பழைய கடனை மருந்துப் பக்கம் திருப்பிவிடுவது சீக்கிரம் நடக்கக்கூடியது என்றால், பேச்சுவார்த்தையும் கையெழுத்தும் முன்பே முடிந்திருப்பதுதான் காரணம்.

தமிழ்நாடு அனுப்பியதைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு. அதை மறைக்கப் போவதில்லை. 2022 ஏப்ரல் 29-ல் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டு, 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், 28 கோடி ரூபாய்க்கு 137 வகை மருந்துகள் என்று அறிவித்தார்கள். மே 18-ல் சென்னையில் இருந்து முதல் கப்பல் கிளம்பியது. முகாம் அக்காவும் நிவாரண நிதிக்கு 500 ரூபாய் கொடுத்தார். அவர் பூ கட்டி விற்பவர். முழத்துக்கு எத்தனை ரூபாய் மிஞ்சும் என்று எனக்குத் தெரியும். எனக்கு அந்த 28 கோடியைவிட 137 என்ற எண்தான் பெரிதாகப் பட்டது. எண்ணி எழுதிய பட்டியல் அது. வீட்டில் மிஞ்சியதைப் பெட்டியில் போட்டு அனுப்பினால் அதை யாரும் 137 என்று எண்ணிச் சொல்ல முடியாது.

நமக்கு அது கைவந்ததற்குக் காரணம் இருக்கிறது. 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்படும் வரை ஆஸ்பத்திரி மருந்து வாங்குவது எப்படி இருந்தது என்று பழைய ஆட்களைக் கேளுங்கள். கழகம் வந்த பின் மாவட்டக் கிடங்கு வந்தது, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக் வந்தது. வங்கிப் புத்தகம் மாதிரிதான். உன் ஆஸ்பத்திரிக்கு வருடத்துக்கு இவ்வளவு ரூபாய் மதிப்புக்கு மருந்து. எடுக்க எடுக்கக் கழியும். எதை எடுப்பது என்பது உன் கையில். எங்கள் பக்கம் பாம்புக்கடி அதிகம், அதற்குத் தக்கபடி நான் எழுதுவேன். பட்டணத்து ஆஸ்பத்திரி வேறு எழுதும். அந்தப் பாஸ்புக்கைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளாத குறைதான், அப்படிப் பார்த்துக்கொண்டேன்.

வெளிப்பணம் எங்களுக்கும் வந்திருக்கிறது. 2005-ல் உலக வங்கிக் கடனோடு தமிழ்நாட்டில் ஒரு பெரிய சுகாதாரத் திட்டம் தொடங்கியது. அந்தப் பணம் மருந்துப் பெட்டியாக வரவில்லை. பிரசவத்துக்கு இருபத்து நான்கு மணி நேர அவசரப் பிரிவுகளாக வந்தது, கருவிகளாக வந்தது, சில வருடம் கழித்து நான் மருந்து கொடுக்கும் சன்னலுக்கு உள்ளே ஒரு கணினியாக வந்து உட்கார்ந்தது. மாதக் கடைசியில் இரண்டு இரவு விழித்துக் கூட்டிய செலவுக் கணக்கு அரை மணி நேரத்தில் முடிந்தது. எந்த மருந்து எத்தனை நாளைக்கு வரும் என்று முன்கூட்டியே தெரிந்தது. தட்டு காலியாகும் முன் எழுத முடிந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தையும் இதோடு சேர்த்துச் சொல்வேன். அதுவும் ஜப்பான் கடனுதவி. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் புளோரைடு தண்ணீர் குடித்துப் பல் பழுப்பேறிய பிள்ளைகளை நான் சன்னலில் தினமும் பார்த்தவள். 2013-ல் காவிரித் தண்ணீர் வந்தது. இப்படி வந்த கடன்களை வட்டியோடு கட்டினாலும் எனக்கு வருத்தமில்லை.

கொரோனா இரண்டாம் அலை அடித்த 2021 மே மாதம் மட்டும் வேறு மாதிரி. அதை நீட்ட மனம் வரவில்லை. ஏப்ரல் 27-ல் பிரிட்டனில் இருந்து உதவிக் கருவிகளோடு முதல் விமானம் டெல்லியில் இறங்கியதை நம்பிக்கையோடு பார்த்தோம். எங்களுக்கு வெளிநாட்டில் இருக்கும் நல்லவர்கள் சிலர் மூலமாக இரண்டு ஆக்சிஜன் செறிவூட்டிகள் வந்தன. 110 வோல்ட் கருவிகள். நம் சுவரில் 230. மின்மாற்றி தேடி சேலம் வரை ஆள் அனுப்பி, பொருத்த ஐந்து நாள் ஆயிற்று. அந்த ஐந்து நாள் அவை என் அறையில் உறை பிரித்தபடி நின்றன. சித்தேரி மலைக் கிராமங்களில் வேலை செய்த ஒரு சிறிய அமைப்புக்குப் பெரிய அமைப்பு ஒன்று பணம் தரத் தயாராக இருந்தும் தர முடியவில்லை. வெளிநாட்டு நிதியை ஓர் அமைப்பு இன்னொன்றுக்குக் கைமாற்றக் கூடாது என்று 2020 செப்டம்பரில் சட்டத்தைத் திருத்தியிருந்தார்கள். கணக்குக் கேட்கட்டும், நானும் வாழ்நாள் முழுவதும் கணக்குக் கொடுத்தவள்தான். ஆனால் மலையேறிப் போகக்கூடிய கால்கள் அந்தச் சிறிய அமைப்பிடம்தான் இருந்தன.

நன்கொடை கொடுக்க நினைப்பவர்கள் என்னைக் கேட்டால், எவ்வளவு என்று முடிவு செய்யும் முன் அந்த ஊரில் சன்னலுக்குப் பின்னால் நிற்பவரைக் கேளுங்கள் என்பேன். அவருக்குத் தெரியும் எந்தத் தட்டு காலி என்று.

வவுனியா விஷயம் சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்த வருடம் செப்டம்பரில் தங்கையின் கணவருக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. தையல் பிரித்த பிறகு ஆஸ்பத்திரியில் கொடுத்த துண்டைப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பியிருந்தார்கள். அக்கா பூக்கூடையைத் திண்ணையில் வைத்துவிட்டுக் கைப்பேசியை நீட்டினார். நான்கு மருந்து எழுதியிருந்தது. மூன்றின் பக்கத்தில் பேனாவால் சரிக்குறி, அங்கேயே கொடுத்திருக்கிறார்கள். நான்காவதன் பக்கத்தில் ஒன்றுமில்லை. "அதை மட்டும் பெரிதாக எழுதித் தாரும் தங்கச்சி, வெளியில் கேட்டுப் பார்க்கட்டும்" என்றார். உள்ளே போய்த் தாளும் பேனாவும் எடுத்துவந்தேன்.